குழாய் வாய்க்கு நேரே ஒரு சுவர்

கச்சான் காற்று தொடங்கிப் பதினெட்டு நாளாகியிருந்தது. வயல்வெளிகளைத் தாண்டி மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று சாய்ந்தமருதுக்குள் நுழையும்போது அடுப்பு வாயிலிருந்து வருவதுபோலச் சுடும். முற்றத்துக் கொடியில் போட்ட சாரன் பத்து நிமிடத்தில் மொறமொறத்துவிடும். தண்ணீர் குடித்தாலும் பல்லில் மண் கரகரக்கும்.

காலைச் சாப்பாட்டுக்கு இருந்த ஷிப்லி, ரொட்டியைப் பிய்த்து மாசிச் சம்பலில் தொட்டவன், வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

“இஞ்சாருங்க, ரொட்டி ஆறுது” என்றாள் பஸ்மினா. பிள்ளைக்கு உடுத்திவிட்டு, தானும் படிப்பிக்கப் பாடசாலைக்குப் புறப்பட்டு, கண்ணாடி முன் நின்று பர்தாவுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

“சத்தம் போடாதகா. கேளு. மதிலுக்கு அங்கால அந்த ஃபேன்ட சத்தம் நடுவுல ஒருக்கா இழுக்குதா இல்லையா?”

“எனக்கு மேசன்மாரு கல்லுத் தட்டுற சத்தம்தான் கேக்குது. ஒரு மாசமா நீங்க சோறு தின்னுறதும் இல்ல, கண்ண மூடுறதும் இல்ல. அந்த மெஷினக் கட்டியிருக்கலாம் நீங்க, என்னக் கட்டினதுக்கு.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

குசினிக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அப்பால், ஷிப்லி வேலை செய்யும் டொக்டர் அர்ஹமின் ஸ்கேன் நிலையம். அதன் பின்னறையில்தான் அந்தக் காந்தம் இருந்தது. மனித உடம்பை வெட்டாமல் உள்ளே பார்க்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரம். வெளியில் பார்த்தால் ஆள் நுழையும் ஓட்டையுள்ள ஒரு வெள்ளைப் பீப்பாய். உள்ளே மைல் கணக்கில் சுற்றிய கம்பி, திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடந்தது. பூச்சியத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்தொன்பது பாகை. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்சாரத்தைத் தடுக்கும் குணமே அற்றுப்போகும். ஐந்து வருடத்துக்கு முன் ஒருமுறை ஏற்றிவிட்ட மின்சாரம் இன்றுவரை தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் போனாலும் காந்தம் போகாது. ஆனால் குளிர் போகக் கூடாது. ஆவியாகும் ஹீலியத்தைத் திரும்பத் திரவமாக்க உச்சியில் ஒரு குளிர்த்தலை. அதை ஓட்ட ஒரு கொம்பிரஸர். கொம்பிரஸரின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் குளிராக்க மதிலோரம் ஒரு சில்லர். அந்தச் சில்லரின் சத்தத்தைத்தான் ஷிப்லி தின்னும்போதும் தொழும்போதும் கேட்டுக்கொண்டிருந்தான்.

குளிர்த்தலை தேய்ந்து இரண்டு மாதம். நூறு வீதம் நின்ற ஹீலியம் முப்பத்தேழுக்கு வந்துவிட்டது. மாற்றுத் தலை கொழும்புத் துறைமுகத்தில் ஏதோ ஒரு கடதாசிக்காகக் கிடந்தது. கொம்பனிக்காரரைக் கூப்பிட்டுக் காந்தத்தின் மின்சாரத்தை முறைப்படி இறக்கிவைப்போம் என்று ஷிப்லி மூன்று தரம் சொல்லிப் பார்த்தான். “இறக்கினா ஏத்துறதுக்கு எத்தின கிழமை? சனம் எங்க போகும்?” என்று டொக்டர் மூன்று தரமும் மறுத்துவிட்டார்.

ஹீலியம் மொத்தமாகக் கொதித்தால் ஒரு லீற்றர் எழுநூறு லீற்றர் வாயுவாகும். அது வெளியேற, காந்தத்தின் தலையிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு உருக்குக் குழாய் போனது. தேங்காய் ஒன்று உள்ளே உருளும் அகலம். அதன் வாய் மதிலுக்கு மேலாக நீட்டி ஷிப்லியின் மனைவி வீட்டுப் பக்கம் பார்த்திருந்தது.

அந்த வாய்க்கு நேரே, இரண்டடி தள்ளி, இப்போது ஒரு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

பஸ்மினாவின் தங்கை றுஸ்னாவுக்கு இருபத்தெட்டாம் திகதி நிக்காஹ். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் அந்த ஊரில் கலியாணம் இல்லை. கடற்கரையில் இருந்த வளவைச் சுனாமி கொண்டுபோன பிறகு அவர்களின் தாய் ஆசியா உம்மாவுக்கு மிஞ்சியது இந்த எட்டுப் பேர்ச் நிலம். கீழ்வீடு மூத்தவள் பஸ்மினாவுக்கு என்று எழுதியாயிற்று. இளையவளுக்கு மேலேதான் கட்டவேண்டும்.

“அந்தப் பக்கம் பத்தடி விட்டுட்டுக் கட்டுங்க மாமி” என்று சுவருக்கு நூல் பிடித்த அன்றே ஷிப்லி சொன்னான்.

ஆசியா உம்மாவுக்குக் கோபம் வந்தால் மருமகனோடு நேரே கதைக்கமாட்டார். மகளைப் பார்த்துச் சொல்வார். “பத்தடி விட்டா மிச்சம் என்ன இரிக்கி எண்டு அவர்ட்டக் கேளு புள்ள. கோழிக்கூடா கட்டுற? ஒனக்குக் கீழ் வீடு கெடச்சிட்டு. தங்கச்சிக்கு மேல ஒரு ரூம் வாறது ஒங்கட மாப்பிளைக்குப் பொறுக்கல்லையாக்கும்.”

“உம்மா!”

“நான் கண்டதச் சொல்றன்.”

அது அப்படியில்லை என்று சொல்ல ஷிப்லிக்கு வாய் வந்தது. சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும்.

ஐந்து வருடத்துக்கு முந்திய கதை அது. டோஹாவில் இதே மாதிரி இயந்திரங்களைத் திருத்தி ஒன்பது வருடம் கழித்தவனுக்கு, சொந்த வீட்டு மதிலுக்குப் பின்னால் வேலை என்று வந்தபோது உலகமே கைக்குள் வந்ததுபோல இருந்தது. இயந்திரம் பொருத்த வந்த கொம்பனி ஒரு கடிதம் கேட்டது. குழாய் வாய்க்கு முன்னால் பத்தடிக்குள், எந்த உயரத்திலும், ஒன்றும் கட்டுவதில்லை என்று பக்கத்து நிலத்துச் சொந்தக்காரர் ஒப்பம் வைக்கவேண்டும். கேட்டால் மாமி என்ன ஏதென்று விசாரிப்பார். பயப்படுவார். மறுப்பார். நிலையம் வேறு ஊருக்குப் போகும். அவன் திரும்ப டோஹாவுக்குப் போவான். ஒரு பின்னேரம், குசினி மேசையில் இருந்து, ஆசியா உம்மா என்று அழகாக எழுதி ஒப்பம் வைத்தவன் ஷிப்லிதான். “அது என்ன பைப்?” என்று பிறகு மாமி கேட்டபோது, “காத்துப் போற பைப் மாமி” என்றான். பொய்யில்லைதான்.

அன்று புதன்கிழமை. காந்த அறைக்குள் இறக்காமத்து மீராசாஹிபு படுத்திருந்தார். யானை விரட்டப் பரணில் காவல் இருந்தவர், விழுந்து முதுகை முறித்துக்கொண்டு வந்திருந்தார்.

“தம்பி, இந்தச் சாமான்ட சத்தம் ஆன பிளிர்றத விட மோசமா இரிக்கே” என்றார் ஒலிவாங்கியில்.

“இன்னும் பத்து நிமிசம், மீராசாஹிபு காக்கா. அசையாம இரிங்க.”

பத்து நிமிடம் கிடைக்கவில்லை. மின்சாரம் ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு வந்தது. விளக்குகள் எரிந்தன, கணினி எரிந்தது. ஆனால் மதிலோரச் சத்தம் நின்றுவிட்டது. ஷிப்லி எழுந்து ஓடினான். சில்லரின் பம்பிலிருந்து கருகிய வயர் நாற்றம். நாலாம் நிமிடம் கொம்பிரஸர் சூடேறி நின்றது. இரவும் பகலும் கோழிக்குஞ்சு கத்துவதுபோல அடித்துக்கொண்டிருந்த குளிர்த்தலையும் நின்றது. அந்த அறையில் அப்படியொரு அமைதியை அவன் ஐந்து வருடத்தில் கேட்டதில்லை.

மீராசாஹிபுவை வெளியே இழுத்து மகனிடம் ஒப்படைத்தான். வரவேற்பில் இருந்த றுக்ஸானாவிடம், “காத்திரிக்கிற ஆக்கள் எல்லாரையும் அனுப்பு. ஒரு ஆளும் உள்ளுக்கு இருக்கப்படா” என்றான்.

“என்ன சொல்லி அனுப்புற?”

“கரண்ட் இல்லையெண்டு சொல்லு.”

“கரண்ட் இரிக்கே ஷிப்லி நானா.”

“சொல்லு புள்ள!”

தண்ணீர்ச் சபைக் குழாயிலிருந்து நேரே கொம்பிரஸருக்கு ஹோஸ் பிடித்தான். கொம்பிரஸர் உறுமிக் கிளம்பியது. குளிர்த்தலை மறுபடி அடித்தது. அரை மணித்தியாலம். பிறகு, அந்த வெயில் காலத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுபோல, குழாய் மெலிந்து நூலாகி நின்றது. காந்தத்தின் அழுத்தமானி ஏறத் தொடங்கியது.

டொக்டர் கொழும்பில் இருந்தார். தொலைபேசியில் அவர் குரல் பதறவில்லை. “நாளைக்கு விடிய புதுப் பம்ப் லொறியில வந்துரும். அதுவரைக்கும் எப்படியாவது தாக்குப்பிடிங்க.”

“ஹீலியம் முப்பத்தேழுதான் டொக்டர். நாளை வரைக்கும் நிக்காது. தானா வெடிச்சி வெளிக்கிட்டா, முன்னால சுவர் இரிக்கி. போக வழியில்லாம அறைக்குள்ள திரும்பும். அந்தப் பக்கம் மேசன்மாரு நிக்காங்க. நாமளா வெளிய விட்டா—”

“அந்தச் சிவப்புப் பட்டனத் தொட்டீங்கண்டா நாலஞ்சு மாசம் இந்த மாவட்டத்துச் சனம் ஸ்கேன் இல்லாமக் கெடக்கும். அத யோசிங்க. சுவர் எப்படி வந்த? ஒங்கட மாமி ஒப்பம் வெச்சித்தானே தந்தவ?”

ஷிப்லி அழைப்பை வெட்டினான். கையில் ஹோஸோடு மதிலைச் சுற்றி வீட்டுக்கு ஓடினான்.

ஆசியா உம்மா குசினியில் சுங்கான் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கு மேலே கொங்கிறீட் போடுவதற்காக இரண்டு நாளாக நிரப்பிவைத்த பெரிய தண்ணீர்த் தாங்கி முற்றத்தில் நின்றது.

“மாமி, தாங்கித் தண்ணி வேணும். முழுக்க.”

கத்தி நின்றது. அவன் முகத்தைப் பார்த்தார். “என்ன, நெருப்பா?”

“நெருப்பு மாதிரித்தான்.”

“அப்ப என்னத்துக்குக் கேட்டுட்டு நிக்கிறீங்க? எடுங்களன்!” என்று அவரே எழும்பி, மீன் கையோடு தாங்கியின் மூடியைத் தூக்கிவிட்டார்.

தாங்கித் தண்ணீர் வெயிலில் சூடேறித்தான் இருந்தது. என்றாலும் கொம்பிரஸர் ஓடியது. இரண்டு மணித்தியாலம் கிடைக்கும் என்று ஷிப்லி கணக்குப் போட்டான். அந்த இரண்டு மணித்தியாலத்தை என்ன செய்வதென்றும் அவனுக்குத் தெரிந்தது. தண்ணீர் தந்த மனிசியின் முகத்தைப் பார்க்காமல் ஏணியில் ஏறினான்.

மேலே காரைதீவு மேசன் கிசோக்கும் இரண்டு கூலியாட்களும் ஏழாவது வரிக் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லுக்கும் குழாய் வாய்க்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கலாம். அவ்வளவுதான்.

“கிசோக், இந்தச் சுவர ஒடைக்கணும். இப்பவே.”

கிசோக் கரண்டியைச் சாந்துத் தாச்சிக்குள் வைத்தான். “விளையாடாதீங்க நானா. நேற்று வச்ச கல்லு. உம்மா சொன்னவவோ?”

“மாமி சொல்லல்ல. நான் சொல்றன்.”

“அப்ப என்னால ஏலாது. எனக்கு வேலை தந்தது அவ.”

ஷிப்லி பாரையை எடுத்தான். முதல் அடிக்குக் கல் அசைந்தது. சீமெந்து இன்னும் பச்சை. இரண்டாம் அடிக்குக் கழன்று கீழே மதில் இடுக்கில் விழுந்தது. கிசோக் அவன் கையைப் பிடித்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் பிடியை விட்டான்.

“என்ன நானா நடக்குது? உண்மையச் சொல்லுங்க.”

“இந்தப் பைப்பால ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள ஒரு காத்து வரும். பட்டாக் கை கருகும், சூட்டால இல்ல, குளிரால. மூச்செடுத்தா அந்த எடத்துலயே விழுந்திருவம். முன்னால சுவர் இருக்கப்படா. ஆளும் இருக்கப்படா.”

கிசோக் குழாயைப் பார்த்தான். ஒரு மாதமாக அதன்மேல் சட்டையைக் காயப்போட்டு வேலை செய்திருக்கிறான். சுத்தியலை எடுத்தான்.

கல் விழும் சத்தத்துக்கு றுஸ்னா முதலில் ஓடிவந்தாள். கையில் மருதாணிக் குழம்புக் கிண்ணம். “மச்சான்! என்ன செய்யிறீங்க மச்சான்? என்ட ரூம்!” அவள் அழத் தொடங்கினாள். பின்னால் ஆசியா உம்மா ஏணியில் பாதி ஏறி, தலையிலிருந்து முந்தானை நழுவியதும் தெரியாமல் நின்றார்.

“தண்ணியும் வாங்கிட்டு, சுவரையும் ஒடைக்கிறீங்க” என்றார். கோபத்திலும் அன்று நேரேதான் கதைத்தார். “இருவது நாளுல நிக்காஹ். மாப்புள வீட்டாருக்கு நான் என்ன முகத்தக் காட்டுற? அந்தப் புள்ள ஒங்களுக்கு என்ன செஞ்ச?”

“மாமி, எறங்குங்க. றுஸ்னா, நீயும் எறங்கு. அடுப்ப அணச்சிட்டுப் பள்ளிவாசல் பக்கம் போங்க. பக்கத்து ஊட்டு ஆக்களையும் கூட்டிப் போங்க. நான் கூப்பிடும் மட்டும் வரப்படா.”

“எனக்கு வெளங்கச் சொல்லாம நான் ஒரு அடி நகரமாட்டன்.”

“சொல்ல நேரமில்ல மாமி! ஒங்கட கால்ல விழுறன், போங்க!”

பத்து வருடத்தில் மருமகன் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஆசியா உம்மா நழுவிய முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டார். பிறகு றுஸ்னாவின் கையைப் பற்றிக்கொண்டு இறங்கினார்.

கடைசிக் கல் விழுந்தபோது தாங்கியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தது. கிசோக்கையும் கூலியாட்களையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு ஷிப்லி உள்ளே போனான். டொக்டரின் அழைப்பு வந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை. வாசல் கதவுகளை விரியத் திறந்து வைத்தான். சுவரில், கண்ணாடி மூடிக்குள், காந்தத்தை ஒரேயடியாகக் கொல்லும் அந்தச் சிவப்புப் பட்டன். டோஹாவில் பயிற்சி தந்தவர்கள், வாழ்நாளில் இதை அழுத்தாமல் ஓய்வு பெறுகிறவனே அதிர்ஷ்டசாலி என்று சொல்லியிருந்தார்கள். பிஸ்மி சொல்லி அழுத்தினான்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு கூரைக்கு மேலே லொறியொன்று போவதுபோல உறுமல் தொடங்கி, காது தாங்காத இரைச்சலானது. குழாய் பனி பூத்து வெளுத்தது. ஜன்னலால் பார்த்தான். குழாய் வாயிலிருந்து வெள்ளை மேகம் பீறிட்டு, இடித்த சுவரின் இடைவெளியால் புகுந்து, றுஸ்னாவின் அறை இருக்கவேண்டிய இடத்தை நிறைத்து, கச்சான் காற்றில் ஏறிக் கிழக்கே கடல் பக்கம் போனது. அந்த வெயிலில் மேல்தட்டுத் தரையில் பனி படிந்தது. மூலையில் மறந்துவிட்ட சாந்துத் தாச்சியில் தண்ணீர் கட்டியாய் உறைந்தது. அரை நிமிடத்துக்குள் காந்தம் இறந்துவிட்டது. இரைச்சல் அடங்க இன்னும் சில நிமிடங்கள் எடுத்தன.

நண்பகல் ழுஹர் தொழுகைக்கு வந்த சனமெல்லாம் தெருவில் நின்று பார்த்தது. ஒரு உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பின்னேரம் ஆசியா உம்மா மேலே ஏறிப் பார்த்தார். கிசோக் அவருக்குக் காட்டினான். “நான் நின்ற இடம் இது உம்மா, இந்தக் கல்லுலதான் நின்றனான்” என்றான். அன்று இரவுச் சோற்றுக்கு மாமி தன் கையாலேயே பெரிய மீன் துண்டை மருமகனின் தட்டில் வைத்தார். “அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல புத்தியத் தந்தான் மகன். நான் என்னமோ நெனச்சிட்டன்” என்றார். ஷிப்லி அந்தத் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பான்.

மூன்றாம் நாள் டொக்டர் அர்ஹம் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு கோப்பு. பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்தார்.

“உம்மா, மெஷின் செத்துப் பெய்த்து. அத எழுப்ப நாலு மாசமாகும். நடந்தது நடந்திட்டு. ஆனா இனி இந்தப் பக்கம் ஒண்டும் கட்டேலா. நீங்க அஞ்சு வருசத்துக்கு முந்தியே எழுதித் தந்திருக்கீங்க. இந்தா, ஒங்கட ஒப்பம்.”

“நான் எழுதித் தந்தனா?”

பஸ்மினா கடதாசியை வாங்கி உம்மாவிடம் கொடுத்தாள். கொடுக்கும்போதே அவள் கண் கீழே ஓடியது. கணவனின் எழுத்து அவளுக்குத் தெரியாததா. அவள் முகம் செத்துப்போனது.

ஆசியா உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒப்பம் வைத்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். கடதாசியில் இருந்தது அச்சடித்த மாதிரி அழகு. அவர் தலையைத் தூக்கினார். ஷிப்லியைப் பார்க்கவில்லை. பஸ்மினாவைப் பார்த்தார், அவள் முகத்தைப் படித்தார். பிறகு கதவோரம் நின்ற றுஸ்னாவைப் பார்த்தார்.

“கண் சரியாத் தெரியல்ல டொக்டர்” என்றார். “வயசு போன கண்.”

“பேர் ஒங்கடதானே?”

“பேர் என்ட பேர்தான்.”

“அப்ப ஒப்பமும் ஒங்கடதானே உம்மா?”

ஆசியா உம்மாவின் வாய் திறந்தது. ஒப்பம் தன்னுடையதே என்று சொல்லி, ஒரு மகளுக்காக மற்ற மகளின் வீட்டை விடப்போகிறார் என்பது ஷிப்லிக்கு விளங்கியது.

“இல்ல டொக்டர்” என்றான். “அது நான் வெச்சது. மாமிக்குத் தெரியா.”

டொக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

“நீங்க என்ன கதைக்கிறீங்க எண்டு வெளங்கித்தான் கதைக்கிறீங்களா ஷிப்லி?”

“ஓம். இந்த ஊட்டு வேலைய மறிக்க ஒங்களுக்கு உரிமையில்ல. பைப்ப நேரா மேலால எடுக்கணும், கூரைக்கு மேல, இன்னும் அகலமா. அண்டைக்கே அப்படித்தான் போட்டிருக்கணும். போட்டா வேல பிந்தும், வேற எடம் பார்ப்பீங்க எண்டு நான்தான் வாயத் தொறக்கல்ல.”

டொக்டர் கடதாசியை வாங்கி மடித்தார். “நாளைக்கு வரத் தேவல்ல” என்றார். மிச்சப் பிளேன்டீ அப்படியே இருந்தது.

அவர் போன பிறகு பஸ்மினா எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆசியா உம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார்.

“என்ட ஒப்பம் அவ்வளவு வடிவா இல்ல” என்றார் ஷிப்லியிடம். “கேட்டிருந்தா வெச்சித் தந்திருப்பன். அண்டைக்கு இந்த ஊட்டுல ஒங்கட புள்ள பொறந்து, வாப்பாட முகம் தெரியாம இருந்திச்சு. என்னத்துக்குக் கேட்கல்ல?”

ஷிப்லி, டொக்டர் விட்டுப்போன பிளேன்டீயை எடுத்து ஓரமாய் வைத்தான். 

“மறப்பன் எண்டு நெனைக்காதீங்க. அது வேற. இப்ப சொல்லுங்க, மெஷினுக்குள்ள அந்தக் காத்து இப்ப இரிக்கா?”

“ஒரு சொட்டும் இல்ல மாமி. இனி நெரப்பும் வரைக்கும் அது வெறும் பைப்தான்.”

“நெரப்பும்போது?”

“வாற கொம்பனிக்காரன் பைப்ப உசத்தாம நெரப்பமாட்டான். நானே எழுதி அனுப்புறன்.”

அடுத்த நாள் காலை கிசோக் திரும்ப நூல் பிடித்தான். விழுந்த கற்களில் முழுசாய் இருந்தவற்றை ஷிப்லி மதில் இடுக்கிலிருந்து பொறுக்கி, சுரண்டி, ஒவ்வொன்றாய் ஏணியில் தூக்கிக்கொண்டு ஏறினான். கூலியாள் ஒருவன் வாங்கப் போனான். “வேணாம், அவர் தூக்கட்டும்” என்றார் கீழே நின்ற ஆசியா உம்மா. பஸ்மினா இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, பழைய துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

கொழும்பிலிருந்து கொம்பனிக்காரர்கள் ஒன்பதாம் நாள் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரம் பஸ்மினா தொலைபேசியோடு முற்றத்துக்கு வந்தாள். ஷிப்லி மேலே கடைசி வரிக்குச் சாந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“டொக்டர் எடுக்கிறாரு உம்மா. குழாய உசத்துறதாம், இவர வந்து நின்று பார்க்கச் சொல்றாரு. என்ன சொல்ல?”

ஆசியா உம்மா அண்ணாந்து சுவரைப் பார்த்தார்.

“மருமகன் ஊட்டு வேலையில நிக்காரு எண்டு சொல்லு” என்றார். “முடிஞ்ச பொறகு வருவாரு.”